மணிக்கட்டுக்குள் ஒரு பிளேட்

2012ஆம் வருடம் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சிந்தெஸ் என்ற எலும்பு சிகிச்சைக் கருவி நிறுவனத்தை சுமார் 1,970 கோடி டாலருக்கு வாங்கியது. (நமக்கெல்லாம் அது பேபி பவுடர் கம்பெனி!) இப்படிப் பெரிய கம்பெனிகள் இணையும்போது சந்தையில் போட்டி செத்துவிடுமா என்று பார்க்க அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் இருக்கிறது. அவர்கள் இந்த இணைப்பில் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி, "இதை வேறு யாருக்காவது விற்றுவிட்டுத்தான் வாங்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டார்கள். அந்தப் பொருள் என்ன தெரியுமா? மணிக்கட்டு எலும்பு உடைந்தால் உள்ளங்கைப் பக்கமாக உள்ளே வைக்கிற ஒரு சின்ன பிளேட். அந்தச் சந்தையில் முதல் இரண்டு இடமும் இந்த இரண்டு கம்பெனிகளிடமே இருந்ததுதான் காரணம்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது கம்பெனி இணைப்புக்கு ஒரு நல்ல உதாரணம். பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடலாம். ஆனால் எனக்கு இரண்டு கேள்விகள் மிச்சமாக நின்றன. 2000க்கு முன்னால் மிகக் குறைவாகவே பயன்பட்ட ஒரு பொருள், பத்தே வருடத்தில் ஒரு பெரிய இணைப்பையே நிறுத்தி வைக்கும் அளவுக்கு எப்படி வளர்ந்தது? அதைக் கையில் வாங்கிக்கொண்டவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது? தேடிப் படித்தபோது இரண்டுக்கும் ஒரே சரித்திரம்தான் பதிலாகக் கிடைத்தது. ஒவ்வொரு பிளேட்டும் முந்தையதன் தொல்லையைத் தீர்க்க வந்திருக்கிறது. வந்த பிறகு தன் பங்குக்கு ஒரு புதுத் தொல்லையையும் வேறோர் இடத்தில் கொடுத்திருக்கிறது.

முதலில் இந்த முறிவைப் பற்றி. வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். அனிச்சையாக வரும் செயல் அது. அப்போது மொத்த எடையும் முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ரேடியஸ் எலும்பின் நுனியில் இறங்குகிறது. (பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஆரை எலும்பு என்று படித்திருப்பீர்கள்.) நுனி உடைந்து பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். பக்கவாட்டில் பார்த்தால் கை ஒரு முள்கரண்டியைப் போல வளைந்திருக்கும். மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த பெண்களுக்கு இது மிகவும் சகஜம்.

இதை ஆங்கில உலகத்துக்கு விளக்கமாக எழுதியவர் டப்ளின் நகரத்து சர்ஜன் ஆபிரகாம் காலிஸ். வருடம் 1814. அதுவரை பெரும்பாலானவர்கள் இதை மூட்டு விலகல் என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். பிரான்சில் பூத்தோ என்பவர் அதற்கு முன்பே எழுதியிருந்தார், ஆனால் டப்ளினில் அது பெரிதாக எட்டவில்லை. காலிஸ் காலத்தில் எக்ஸ்ரே கிடையாது. ரான்ட்ஜன் அதைக் கண்டுபிடிக்க இன்னும் 81 வருடம் இருந்தது. இந்த முறிவு உள்ள கையை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பும் காலிஸுக்குக் கிடைத்திருக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தே மூட்டுக்கு எவ்வளவு மேலே உடைந்திருக்கிறது என்று எழுதினார். இன்றைக்கும் டாக்டர்கள் 'காலிஸ் ஃப்ராக்சர்' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தக் கட்டுரையில் ஒரு விஷயம் இருக்கிறது. சரியாகப் பொருத்தாமல் விட்டால் கை ரொம்ப நாள் வலிக்கும், ஆனாலும் காலம் போகப்போக வலி நின்று அசைவுகள் திரும்பிவிடும், கோணல் மட்டும் ஆயுள் முழுக்க இருக்கும் என்று எழுதியிருக்கிறார் காலிஸ். கோணல் வேறு, பயன்பாடு வேறு. இதை மறந்துவிடாதீர்கள், சுமார் இருநூறு வருடம் கழித்து இதே பேச்சு திரும்பி வரப் போகிறது.

இந்த எலும்பு நுனியில் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் அநேகமாக எப்படி விட்டாலும் ஒட்டிக்கொள்ளும். எந்த வடிவத்தில் ஒட்டுகிறது என்பதுதான் பிரச்சினை. (நம் பக்கம் புத்தூர் கட்டுக்கு இவ்வளவு பேர் போனதற்கும், போய்ச் சரியானது என்று சொல்வதற்கும் இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் நரம்போ ரத்தக் குழாயோ அழுந்தியிருந்தால் கதை வேறு.)

மாவுக்கட்டு மட்டும் குற்றமற்றது என்று நினைத்துவிட வேண்டாம். எலும்பு நழுவக் கூடாது என்று மணிக்கட்டை நன்றாக உள்ளே மடக்கி வைத்துக் கட்டும் முறை ஒன்று இருந்தது. மடக்கின மடக்கில் உள்ளங்கைக்குப் போகும் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப் போனதால் அதைக் கைவிட்டார்கள். கட்டு போட்ட கை சிலருக்கு வீங்கி, நிறம் மாறி, லேசாகத் தொட்டாலே எரியும். ஹாம்பர்க் நகரத்து சூடெக் 1900இல் இப்படி எலும்பு மெலிந்துபோகும் கைகளைப் பற்றி எழுதினார். இன்றுவரை அது முழுதாகத் தீராத புதிர்; கட்டு போட்டாலும் வருகிறது, ஆபரேஷன் செய்தாலும் வருகிறது.

பிளேட்டும் அதே ஹாம்பர்க்கில்தான் தொடங்கியது. 1886இல் கார்ல் ஹான்ஸ்மன் என்ற சர்ஜன் எலும்பு மேல் உலோகத் தகட்டை ஸ்குரூவால் முடுக்கும் முறையை வெளியிட்டார். தகட்டின் ஒரு முனையும் ஸ்குரூ தண்டுகளும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்! சில வாரம் கழித்து சுலபமாகக் கழற்றலாம் என்பதற்காக. அந்த ஓட்டை வழியாக வேறு என்னென்ன உள்ளே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் முதல் எதிரி சீழ். லிஸ்டர் 1867இல் கார்பாலிக் அமிலத்தை வைத்துக் கிருமியை அடக்கும் முறையைச் சொன்ன பிறகுதான், மூடியிருக்கும் முறிவை வேண்டுமென்றே திறக்கும் தைரியமே சர்ஜன்களுக்கு வந்தது. லண்டனில் ஆர்புத்நாட் லேன் ஒரு படி மேலே போனார். காயத்துக்குள் விரலே படக் கூடாது, நீளக் கைப்பிடி வைத்த கருவிகள் மட்டுமே உள்ளே போக வேண்டும் என்று வைத்துக்கொண்டு ஸ்டீல் பிளேட் பொருத்தினார். சீழ் குறைந்தது. அடுத்த எதிரி வந்தது: துரு. உடம்புக்குள் உப்புத் தண்ணீரும் சூடும் இருக்கிறது, சாதாரண ஸ்டீல் என்ன ஆகும்? அரித்தது, உடைந்தது. பிட்ஸ்பர்க்கில் கார்னகி ஸ்டீல் கம்பெனியின் சர்ஜன் ஷெர்மன் 1912 வாக்கில் வனேடியம் கலந்த ஸ்டீலில் இன்னும் உறுதியான பிளேட் செய்தார். (இரும்புக் கம்பெனியின் டாக்டர் இரும்பைச் சரிசெய்தது பொருத்தம்தான் :-)) அப்படியும் அரிப்பு முழுதாக நிற்கவில்லை. 1937இல் டெக்சாஸில் வெனபிள், ஸ்டக் இருவரும் உடம்புக்குள் வெவ்வேறு உலோகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பேட்டரி போல வேலை செய்து எலும்பை அரிக்கின்றன என்று காட்டினார்கள். பிளேட் ஒரு உலோகம், ஸ்குரூ இன்னொரு உலோகம் என்று கலக்கக் கூடாது என்பது அங்கிருந்து வந்த பாடம்.

1958 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பியல் நகரத்தில் மாரிஸ் முல்லர் முதலிய 13 சர்ஜன்கள் சேர்ந்து ஏ.ஓ. என்ற குழுவைத் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் கட்டு போட்டு வைத்தால் எலும்பு சேரும், ஆனால் மூட்டு விறைத்துப் போகும். எனவே உள்ளே கெட்டியாகப் பிடித்துக் கட்டி, சீக்கிரமே கையை அசைக்க விட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஒரு வணிகவியல் மாணவனாக எனக்கு இந்தக் குழு அமைந்த விதம் ரொம்பப் பிடித்தது. கருவிகளை ராபர்ட் மாதிஸ் என்பவரின் பட்டறையும் பிறகு ஸ்ட்ராமன் நிறுவனமும் செய்தார்கள். விற்கிற சாமானுக்கு உரிமைத் தொகை வரும். அந்தப் பணத்தில் ஆராய்ச்சியும், டாவோஸில் 1960 முதல் சர்ஜன்களுக்கான வகுப்புகளும் நடந்தன. வகுப்பில் கற்றுக்கொண்ட சர்ஜன் ஊருக்குப் போய் எந்தக் கருவியைக் கேட்பார்? கற்றுக்கொண்ட கருவியைத்தான். சிந்தெஸ் என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். இதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஒவ்வொரு கேஸையும் பதிவு செய்ய வேண்டும் என்ற ஒழுங்கையும் இவர்கள்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் படிப்பு, பொருள், விற்பனை மூன்றும் ஒரே வண்டியில் போயின என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு நடந்தும் மணிக்கட்டுக்குப் பிளேட் உடனே வரவில்லை. காரணம் எளிது. மெலிந்த எலும்பில் ஸ்குரூ பிடிக்காது. கறையான் அரித்த நிலைக்காலில் கீல் முடுக்கிப் பாருங்கள், ஸ்குரூ சுற்றிக்கொண்டே இருக்கும், அதே கதைதான். முன்பக்கமாகச் சாய்ந்த சில முறிவுகளுக்கு மட்டும் 1965இல் எல்லிஸ் ஒரு தாங்குபிளேட்டை எழுதினார். மற்றபடி மாவுக்கட்டு, தோல் வழியாகக் குத்தும் கம்பி, வெளியே பொருத்தும் சட்டம் இவைதான்.

1990களில் ஏ.ஓ. தரப்பிலிருந்து ஒரு டைட்டானியம் பிளேட் வந்தது. கணக்கில் வரும் 'பை' எழுத்து மாதிரி இருந்ததால் பை பிளேட் என்று பெயர். எலும்பு பின்பக்கம் சாய்கிறது, எனவே பின்பக்கம் முட்டுக் கொடுப்போம் என்பது யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் புறங்கையை ஒரு நிமிடம் பாருங்கள். விரலை ஆட்டினால் தோலுக்கு நேர் கீழே கயிறு கயிறாக ஓடுகிறதே, அவை விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள். அவற்றுக்கும் எலும்புக்கும் நடுவில் அநேகமாக இடமே இல்லை. எலும்பின் பின்புறம் ஒரு சின்ன மேடு உண்டு, அதற்கும் அதே லிஸ்டர் பெயர்தான். கட்டைவிரலை நிமிர்த்தும் நீளத் தசைநாண் அந்த மேட்டைச் சுற்றித் திரும்புகிறது, கிணற்றுக் கப்பியில் கயிறு திரும்புவது போல. அந்த இடத்தில் உலோகத்தை வைத்தால்?

அறுந்தது. 1997இல் நல்ல பலன் என்று ஒரு பல மருத்துவமனை ஆய்வு வந்தது, 1998இலேயே பை பிளேட்டின் சிக்கல்கள் என்று இன்னொரு கட்டுரை வந்தது. தசைநாண் உரசி வீங்குவது, அறுவது, அதற்காக பிளேட்டைக் கழற்ற மறுபடி ஆபரேஷன். இந்தத் தசைநாண் தேய்ந்து அறுவது புதுச் செய்தி அல்ல என்பதுதான் வேதனை. 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய ராணுவத்தில் முரசு அடிப்பவர்களுக்கு இதே தசைநாண் அறுந்து கட்டைவிரல் தொங்கிப் போவது தெரிந்த நோய்தான். பிளேட்டே வைக்காமல், எலும்பு நகராத முறிவில் வெறும் கட்டு போட்டவர்களுக்கும் சில சமயம் வருவதுண்டு. மிக நெருக்கடியான இடம் என்று தெரிந்தே உலோகத்தைக் கொண்டு போனார்கள்.

பிறகு மயாமியில் ஹார்ஹே ஓர்பே என்ற கை அறுவை சிகிச்சை நிபுணர் எதிர்த்திசையில் யோசித்தார். பின்பக்கம் சாய்ந்த எலும்பையே முன்பக்கத்திலிருந்து பிடித்தால் என்ன? முன்பக்கத்தில் தசைநாண்களுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சதுரத் தசை இருக்கிறது, மெத்தை போல. ஆனால் முன்னாலிருந்து முடுக்கும் ஸ்குரூ பின்னால் சாயும் எலும்பைத் தாங்குமா? இங்கேதான் பூட்டும் ஸ்குரூ வந்தது. ஸ்குரூவின் தலையிலும் மரை இருக்கும், அது பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும். எலும்பைக் கவ்விப் பிடிக்க வேண்டியதில்லை. சுவரில் ஷெல்ஃபுக்கு அடியில் கொடுக்கிற ஆங்கிள் மாதிரி மூட்டுப் பரப்புக்குக் கீழே நின்று தாங்கும். மெலிந்த எலும்புக்கும் சரிப்படும். ஓர்பேயும் ஃபெர்னாண்டஸும் 2002இல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

நான் படித்ததில் மிக அழகான யோசனை இதுதான். சந்தையும் அப்படித்தான் நினைத்தது. ஓர்பேயின் பிளேட்டை விற்ற ஹேண்ட் இன்னோவேஷன்ஸ் என்ற சின்னக் கம்பெனியை 2006இல் ஜான்சனின் டிப்யூ பிரிவு வாங்கியது. அதே வருடம் ஏ.ஓ. தன் காப்புரிமைகளை சிந்தெஸுக்கு விற்றது. அமெரிக்காவில் எலும்பு சர்ஜன்கள் வாரியத் தேர்வுக்குத் தங்கள் கேஸ் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதில் ஆபரேஷன் செய்த மணிக்கட்டு முறிவுகளில் 1999இல் 42 சதவீதம் திறந்து பொருத்தியவை. 2007இல் 81 சதவீதம். முதியோர் அரசுக் காப்பீட்டில் உள்ளே உலோகம் வைத்த கேஸ்கள் 1996இல் 3 சதவீதம், 2005இல் 16 சதவீதம். முதியவர்களுக்கு இதனால் மாவுக்கட்டைவிட உண்மையிலேயே நன்மையா என்று சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்க்கும் நல்ல ஆய்வுகள் வந்தது இதற்கெல்லாம் பிறகு. சரக்கு முதலில் போய்விட்டது, சாட்சி பின்னால் வந்தது.

சிக்கல்கள் எங்கே போயின? இடம் மாறிக்கொண்டன. ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரத்து ஆரோரா குழு 2007இல் முன்பக்கப் பிளேட் வைத்த 141 பேரைப் பற்றி எழுதியது. நான்கில் ஒருவருக்கு மேல் ஏதாவது ஒரு சிக்கல், அதில் பாதிக்கு மேல் தசைநாண் தொல்லைதான். முன்பக்கம் மெத்தை இருக்கிறது என்றோமே, அது ஒரு வரம்பு வரைதான். எலும்பு நுனியில் ஒரு விளிம்பு உண்டு, நீர்ப்பிரிப்புக் கோடு என்று அதற்குப் பெயர். மலைமுகட்டில் மழைநீர் இரண்டு பக்கமாகப் பிரியுமே, அந்தப் பெயர்தான். பிளேட் அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அதன் விளிம்பில் உரசும். சில மாதத்தில் அறுக்கலாம், சில வருடம் கழித்தும் அறுக்கலாம். அதற்குள் எலும்பு சேர்ந்து எல்லாரும் மறந்திருப்பார்கள். 2011இல் சூங் குழு எக்ஸ்ரேயில் பிளேட் எவ்வளவு துருத்துகிறது என்று 0, 1, 2 எனத் தரம் பிரித்தது. அவர்கள் ஒப்பிட்ட இரண்டு வகைப் பிளேட்டில் ஒன்றில் 73 பேரில் 3 பேருக்குத் தசைநாண் அறுந்தது, இன்னொன்றில் 95 பேரில் ஒருவருக்கும் இல்லை. வடிவமும் வைக்கிற இடமும் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

பின்பக்கமும் முழுதாகத் தப்பவில்லை. முன்னாலிருந்து போடும் ஸ்குரூ கொஞ்சம் நீளமாகிவிட்டால் அதன் முனை பின்னால் எட்டிப் பார்க்கும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் லிஸ்டர் மேடு மறைப்பதால் ஸ்குரூ எலும்புக்குள்ளேயே இருப்பது போலத் தெரியும். மணிக்கட்டை மடக்கி விளிம்போடு பார்க்கும் தனிக் கோணத்தில்தான் அது பிடிபடும். அந்தக் கோணத்தில் ஆபரேஷன் நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பது சிலருடைய கட்டைவிரல் விலையில் வந்த பழக்கம்.

சரி, காலிஸுக்கு வருவோம். அதே ஆரோரா குழு 65 வயது தாண்டிய 73 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பிளேட், பாதிப் பேருக்குக் கட்டு என்று பார்த்து 2011இல் வெளியிட்டது. பிளேட் வைத்தவர்களின் எக்ஸ்ரே அழகாக இருந்தது. பிடிமான வலு கூட இருந்தது. ஆரம்ப வாரங்களில் அவர்களுக்கே சௌகரியம். ஆனால் ஒரு வருடம் கழித்து அன்றாட வேலை, வலி, அசைவு எதிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சிக்கல்கள் மட்டும் ஆபரேஷன் தரப்பில் 13, கட்டுத் தரப்பில் 5. கோணல் இருந்தது, கை வேலை செய்தது. டப்ளின்காரர் எக்ஸ்ரே இல்லாமல் சொன்னதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது!

இங்கிலாந்தில் 461 பெரியவர்களை வைத்து 2014இல் வந்த டிராஃப்ட் ஆய்வு பிளேட்டையும் சாதாரணக் கம்பியையும் ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் வித்தியாசம் இல்லை, கம்பிதான் மலிவு. 2022இல் அதன் இரண்டாம் பாகம் 500 பேரில் கம்பியையும் கட்டையும் ஒப்பிட்டது. அதிலும் ஒரு வருட முடிவில் கை ஒன்றுபோலத்தான். ஆனால் கட்டு போட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு எலும்பு நழுவிப் பின்னால் ஆபரேஷன் தேவைப்பட்டது.

இதை வைத்துப் பிளேட்டே மோசடி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பைக்கில் விழுந்து மூட்டுப் பரப்பே நொறுங்கிய 25 வயதுக்காரருக்கு முன்பக்கப் பிளேட் பெரிய வரம். என் வருத்தம் எழுபது வயதுப் பாட்டிகளைப் பற்றியது. எக்ஸ்ரேயைக் காட்டி "கோணலா இருக்கு, பிளேட் வெச்சிடலாம்" என்றால் வீட்டில் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. கட்டு போட்டாலும் ஒரு வருடத்தில் ஏறக்குறைய இதே நிலைதான் என்று ஆய்வுகள் சொல்வதும், பிளேட்டுக்கு என்று தனியாகச் சில ஆபத்துகள் இருப்பதும் அந்த மேஜையில் பேசப்பட வேண்டும். பேசிய பிறகு, சீக்கிரம் கையை அசைக்க வேண்டும் என்று பாட்டியே பிளேட்டைக் கேட்டால் அது அவர் உரிமை.

2012 இணைப்புக்கு என்ன ஆனது என்று கேட்டால், ஓர்பேயின் பிளேட் பயோமெட் கம்பெனிக்குப் போனது. 2015இல் பயோமெட்டே சிம்மர் கம்பெனியோடு இணைந்துவிட்டது.

ஏற்கெனவே பிளேட் வைத்துக்கொண்டவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். கட்டைவிரலை மடக்கும்போதோ நிமிர்த்தும்போதோ மணிக்கட்டுக்குள் கறகறவென்று உரசினால், வலித்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் டாக்டரிடம் போய்க் காட்ட வேண்டும். அறுவதற்கு முன்னால் பிடிபட்டால் பிளேட்டையோ ஸ்குரூவையோ கழற்றுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அறுந்துவிட்டால் முனைகள் நைந்து சுருங்கிப் போவதால் நேராகத் தைக்க முடிவதில்லை. ஆள்காட்டி விரலை நிமிர்த்த இரண்டு தசைநாண்கள் இருப்பதால், அதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலை நிமிர்த்துவதற்குக் கொடுக்கிறார்கள். மடக்கும் தசைநாண் அறுந்தால் பக்கத்து விரலிலிருந்து கடன் வாங்க வேண்டும், அல்லது வேறு இடத்துத் தசைநாணை நடுவில் ஒட்டுப் போட வேண்டும். அதற்குப் பிறகு பல வாரம் பயிற்சி.